மரங்கொத்தியின் முதுகு நிறம் மாறும் வழி: ஏழாலையிலிருந்து அருவியாறு வரை

முதலாம் நாள், வெள்ளி: ஏழாலை

யாழ்ப்பாணத்து ஏழாலையில் எங்கள் வளவின் கிழக்கு வேலியோரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் இடி விழுந்து தலையிழந்த தென்னை ஒன்று இன்னமும் நிற்கிறது. அதைத் தறித்துவிடும்படி அயலவர்கள் பலமுறை சொல்லியும் அம்மா இணங்கவில்லை. அதில் மரங்கொத்தி குடியிருக்கிறது என்பதே அவர் சொல்லும் காரணம். இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு, வெயில் பனை வட்டுகளைத் தொட்ட வேளையில், ஆண் பறவை பொந்திலிருந்து தலையை நீட்டியது. உச்சியும் கொண்டையும் முழுச் சிவப்பு. தொண்டை கறுப்பு, அதன்மேல் வெள்ளைக் கீற்றுகள். அது வெளியே வந்து மரத்தைத் தழுவிக்கொண்டு திரும்பியபோது, முதுகு முழுவதும் புளி போட்டுத் துலக்கிய பித்தளைபோல் மஞ்சளாக மின்னியது. வாலைத் தண்டில் ஊன்றி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கனைப்பதுபோல் ஒரு நீண்ட சிரிப்பை எழுப்பியபடி, அலையலையாக ஏறி இறங்கி அடுத்த வளவுக்குப் பறந்தது.

இந்தப் பொன்முதுகு மரங்கொத்தியின் வட இலங்கைக் கிளையினத்துக்கு அறிவியலில் ‘ஜாஃப்னென்சே’ என்று பெயர். யாழ்ப்பாணத்தின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. தென்னிலங்கைக்குப் போனால் உருவிலும் குரலிலும் இதை ஒத்த மரங்கொத்தி சிவந்த முதுகோடு காணப்படும். முன்னர் இரண்டும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகக் கருதப்பட்டன. இப்போது செம்முதுகுடையதை இலங்கைக்கே உரிய தனி இனமாகக் கொள்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடைநிலத்தில் அவை கலந்து குஞ்சு பொரிப்பதையும், அங்கே மஞ்சளுமல்லாத சிவப்புமல்லாத முதுகுகள் காணப்படுவதையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த நிறங்களுக்கெல்லாம் அடிப்படை உணவின் வழி உடலில் சேரும் கரட்டினொயிட் நிறமிகளே. மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றும் நொதியம் சிறகு முளைக்கும் இடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து முதுகின் நிறம் அமைகிறது.

எங்கள் வளவுப் பறவையின் நிறம் தெற்கே எந்த இடத்தில் மாறத் தொடங்குகிறது என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. பாடசாலை விடுமுறையோடு அண்ணாவின் வான் வண்டியும் ஓய்வாகக் கிடைத்ததால், நாளை புறப்படுகிறோம். பார்க்க விரும்புவது இன்னொன்றும் உண்டு: ஆற்றங்கரைக் காடு. குடாநாடு சுண்ணக்கல் நிலம். பெய்யும் மழை கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிக் கிணற்று நீராகிவிடுகிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர நாங்கள் ஆறு என்று சொல்லிக் காட்ட எதுவும் இல்லை. ஆகவே ஆற்றங்கரை மரம், அதில் வாழும் பறவை என்பவையெல்லாம் எம்மவர்க்குப் பெரும்பாலும் கேள்வி ஞானமே.

இரண்டாம் நாள், சனி: ஏ9 வீதி, இரணைமடு

ஆனையிறவில் பூநாரைகள் நின்றன. வண்டியை நிறுத்தவில்லை, கடல்நீரேரிப் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். அதற்குப் பதிலாக மின்கம்பிகளை மட்டும் கவனித்துக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாணத்து வயலிலும் தோட்டத்திலும் மாட்டின் முதுகிலும் நாம் நாள்தோறும் காணும் இரட்டைவால் குருவி இலங்கை முழுவதற்கும் பொதுவானது அன்று. வயிறுவரை முழுக்கறுப்பான அந்த இனம் வடக்கு, வடமேற்குக் கரையோர வறள்நிலத்தோடு நின்றுவிடுகிறது. கௌதாரியும் அப்படித்தான். பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில் பரந்து வாழும் இந்தப் பறவைகளுக்கு எமது மண் தென்னெல்லை போன்றது. காட்டுக்குள் நுழைந்ததும் இரட்டைவால் குருவியின் இடத்தை அதன் உறவான வெள்ளைவயிற்றுக் கரிச்சான் எடுத்துக்கொள்கிறது.

பரந்தன் வயல்வெளி வரையில் கம்பிகளில் பதினேழு இரட்டைவால் குருவிகளை எண்ணினேன். கிளிநொச்சியைத் தாண்டிய பின் ஒன்றையும் காணவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் பொட்டலத்தோடு வண்டிக்குத் திரும்பியபோது, கோயிலுக்குப் பின்னாலுள்ள பாலை மரத்தின் காய்ந்த கொப்பில் முதலாவது வெள்ளைவயிறு இருந்தது. அது காற்றில் எழும்பி ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, புறப்பட்ட கொப்புக்கே திரும்பியது. பூச்சி பிடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்று வெளியின் பறவை, மற்றது மரநிழலின் பறவை. நாற்பது கிலோமீற்றருக்குள் இந்த மாற்றம் நிகழ்ந்துவிடுவதை வீதியிலிருந்தே பார்க்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

மாலையில் இரணைமடு அணைக்கட்டில் நடந்தோம். வடமாகாணத்தின் மிகப்பெரிய குளமான இது, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது. மேலதிக நீர் வடக்கே ஓடிச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்தின் வலசைப் பறவைகளுக்கு நன்னீர் சேர்க்கும் ஆறுகளில் இதுவும் ஒன்று. பட்டுப்போன மரமொன்றின் உச்சியில் சாம்பல்தலை மீன்கழுகு அசையாமல் அமர்ந்திருந்தது. குளக்கட்டுக்குக் கீழேயுள்ள தென்னையில் இரண்டு மரங்கொத்திகள் இருந்தன. இரண்டும் வீட்டுப் பறவையைப் போலவே பித்தளை மஞ்சள்.

மூன்றாம் நாள், ஞாயிறு: கனகராயன் ஆற்றங்கரை

அப்பாவுக்கு முன்னர் அறிமுகமான ஓர் ஐயாவின் வயல் ஆற்றோரமாக இருக்கிறது. நேற்றிரவு அவர் வீட்டில் தங்கினோம். நான்கரை மணிக்கே நான் எழுந்து ஆயத்தமானதைக் கண்டு அவர் திண்ணையிலிருந்தே தடுத்தார். “பிள்ளை, வெளிக்க முன்னம் ஆத்தங்கரைக்குப் போகாதேங்கோ. முந்தநாள் ராவும் ரண்டு யானை வயலுக்குள்ளை இறங்கினது. நான் கூட்டிக்கொண்டு போறன், தேத்தண்ணியைக் குடியுங்கோ.” வன்னிக் காட்டில் பறவை பார்க்க வருபவர்கள் ஊரவர் ஒருவரின் துணையில்லாமல் இறங்கக்கூடாது என்பதை இங்கே வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். யானை ஒரு காரணம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் மிதிவெடி அகற்றப்பட்ட பாதை எது, எவரும் கால் வைக்காத பற்றை எது என்பதை அறிந்தவர்கள் அவர்களே என்பது அடுத்த காரணம். “ஐயா வைச்ச அடியிலை அடி வை, தொலைநோக்கியைப் பாத்துக்கொண்டு நடவாதை” என்று அண்ணாவும் இரண்டு முறை சொன்னார்.

ஆறுவரை நடந்த வழி முழுவதும் வறண்ட காடு: பாலை, வீரை, முதிரை, இடையிடையே முள்ளுப்பற்றை. மாரி மழை ஓய்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை, அதற்குள் தரையிலுள்ள சருகு காலடியில் நொறுங்கியது. பின்னர் நிலம் சற்றே சரிந்தது. பத்துப் பதினைந்து அடிக்குள் காற்று குளிர்ந்தது. தலைக்கு மேலே மருத மரங்கள் கூடிவிட்டன. இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத, வெளிறிய வழவழப்பான அடிமரங்கள். ஆற்றில் முழங்கால் அளவு நீர்தான் ஓடியது. கோடையில் அதுவும் நின்று வெறும் மணலாகிவிடும் என்று ஐயா சொன்னார். ஆயினும் மணலுக்கடியில் நீர் இருக்கிறது. மருதின் வேர் அதை எட்டிவிடுவதால், சுற்றியுள்ள காடு வாடிக் கிடக்கும் மாதங்களிலும் இந்த ஒரு கீற்று மட்டும் பச்சையாகவே இருக்கிறது. ஆற்றங்கரைக் காடு அகலத்தில் சில பத்து யார் தூரம்தான். நீளத்திலோ ஆறு போகும் இடமெல்லாம் போகிறது. அடர்காட்டுப் பறவைகள் வறண்ட நிலத்துக்குள் நெடுந்தூரம் வந்து வாழ முடிவது இந்தப் பச்சை வழியினால்தான்.

முதலில் காதில் விழுந்தது ஆறுமணிக் குருவியின் இரட்டைச் சீழ்க்கை. விடியலிலும் மாலை ஆறு மணியளவிலும் தவறாமல் கூப்பிடுவதால் வந்த பெயர். இந்தியாவிலிருந்து ஐப்பசியில் வந்திறங்கும்போது களைத்துப்போய் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளும் விழுவதுண்டு. எங்கள் பாடசாலை மண்டபத்தில் ஒன்றை ஒரு நாள் கடதாசிப் பெட்டிக்குள் வைத்து, இருட்டியபின் வெளியே விட்டிருக்கிறோம். அன்று கண்டது நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பிடிச் சிறகு. இன்று கண்டது தன் இடத்தில் வாழும் பறவை. மருத வேர் இரண்டுக்கு இடையில், ஐந்தாறு பாகத் தொலைவில், அது சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டியது. மண்ணிறத் தலையின் நடுவே கருங்கோடு, கண்ணை மறைக்கும் கரும்பட்டி, பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் குங்குமம். ஒரு புழுவை இழுத்தெடுத்து விழுங்கியபின் நிமிர்ந்து, கழுத்தைப் பின்னே சாய்த்துச் சீழ்க்கையடித்தது. குட்டை வால் ஒவ்வொரு சீழ்க்கைக்கும் ஒருமுறை அசைந்தது. ஐயா மெல்லச் சிரித்துக்கொண்டு, “இவ்வளவு காலமும் சத்தத்தைக் கேட்டிருக்கிறன், ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்றார். என்னிடமிருந்த தொலைநோக்கியை அவர் திருப்பித் தரக் கால் மணி நேரம் ஆயிற்று.

பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் வந்தன. நீருக்கு மேல் சாய்ந்த கிளையில் பேரலகு மீன்கொத்தி. தரையில் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் இடமும் வலமுமாக ஆட்டும். அரசவால் ஈப்பிடிப்பானில் இருவகையும் ஒரே மரத்தில் இருந்தன. இலங்கையில் நிலையாக வாழும் கிளையினத்தின் ஆண் எப்போதும் செம்மண் நிறமே. தூய வெண்ணிற ஆணைக் கண்டால் அது இந்தியாவிலிருந்து மாரிக்கு வந்த விருந்தாளி என்று துணிந்து சொல்லலாம். வெண்பறவையின் நாடா வால் நீரில் விழுந்த நிழலோடு சேர்ந்து இழுபட்டபோது, பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்த என் கை தானாக நின்றுவிட்டது. சோலைப்பாடியின் பாட்டு கரை முழுவதும் கேட்டது.

எட்டு மணிக்கு மேல், ஆற்றின் வளைவில், பெரியதொரு மரங்கொத்தி மருதில் வந்து ஒட்டியது. முதுகு கருஞ்சிவப்பு. நான் தேடி வந்தது இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டதே என்று நெஞ்சு படபடத்தது. ஆனால் அலகைப் பார்த்தபோது அது யானைத்தந்தம்போல் வெளிறியிருந்தது. எங்கள் மரங்கொத்திக்கும் அதன் செம்முதுகு உறவுக்கும் அலகு கருமை. கண்ணும் வெளிறியிருந்தது. ஆகவே இது அடர்காட்டில் வாழும், உருவில் பெரிய வேறோர் இனம். இதுவும் இலங்கைக்கே உரியது. முதுகைப் பார்த்து முடிவு செய்யாமல் அலகைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த நாட்டில் மரங்கொத்தி பார்ப்பவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

திரும்பும் வழியில் ஐயா ஓரிடத்தைக் காட்டினார். கரை கூரிய வெட்டாக இறங்கியிருந்தது. ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மருதின் வேர்த்தொகுதி முழுவதும் காற்றில் தொங்கியது; நுனிவேர்கள் காய்ந்து கயிறாகியிருந்தன. கீழே ஆற்றுப் படுகையில் உழவு இயந்திரச் சில்லுகளின் தடம். “ராவிலை வந்து மணலை அள்ளுறாங்கள். அள்ளத் தொடங்கின பிறகு எங்கடை கிணறு மாசியிலேயே அடியைக் காட்டுது” என்றார். மணல் என்பது வெறும் மணலன்று. மழைநீரைப் பிடித்து வைத்து, கோடை முழுவதும் கரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் பஞ்சு அது. அதை அள்ளியதும் நீர்மட்டம் இறங்குகிறது. முதலில் கிணறு வற்றுகிறது, பின்னர் மருது பட்டுப்போகிறது. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் நாங்கள் வாங்கும் மணலில் எவ்வளவு இப்படியான கரைகளிலிருந்து வருகிறது என்பதை எண்ணியபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. அந்த மருதை நான் நான்கு பக்கமிருந்தும் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள், திங்கள்: வவுனியா வழியே மடு

பகல் முழுவதும் மழை. வவுனியாவிலிருந்து பறயனாலங்குளம் ஊடாக மன்னார் வீதியில் ஏறியபோது இருபுறமும் காடு நெருங்கியது. 2015 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட மடு வீதிப் பகுதி இது. ஈரத்தில் நனைந்த மயில்கள் வீதியோரத்தில் தோகையை உதறிக்கொண்டு நின்றன. மழை சற்று விட்ட பத்து நிமிடத்தில் ஒரு காட்டுச்சேவல் வீதியைக் கடந்தது. நெருப்புச் சிவப்பான கொண்டைப்பூவின் நடுவில் மஞ்சள் திட்டு இருந்ததால் இலங்கைக் காட்டுக்கோழிதான் என்பதில் ஐயமில்லை. மரங்கொத்தி எதுவும் காணவில்லை. மடு மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, நனைந்த உடுப்புகளை வானின் கம்பியில் தொங்கவிட்டுத் தூங்கினோம்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: குஞ்சுக்குளம், அருவியாறு

அநுராதபுரத்துப் பக்கமிருந்து மல்வத்து ஓயா என்ற பெயரோடு வரும் ஆறு, மன்னார் மாவட்டத்துக்குள் அருவியாறு ஆகிறது. 164 கிலோமீற்றர் நீளமுள்ள இது இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. தேக்கம் அணையில் இதன் நீரைத் திருப்பித்தான் கட்டுக்கரைக்குளத்தையும் அதன்கீழுள்ள மாந்தை வயல்களையும் நிரப்புகிறார்கள். குஞ்சுக்குளத்தில் ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம் உண்டு. பறவை பார்ப்பவருக்கு அதைவிடச் சிறந்த இடம் வடக்கில் வேறெங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம். தரையில் நின்று கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டிய மர உச்சிகள் அங்கே கண்ணுக்கு நேரே இருக்கின்றன.

மழை கழுவிய காலை. கரையிலுள்ள அத்தி மரம் அடியிலிருந்து கொப்பு வரை காய்த்துப் பழுத்திருந்தது. பச்சைப்புறாக்கள் இலையோடு இலையாக மறைந்து தின்றன. பழம் நீரில் விழும் ‘பொத்’ என்ற ஒலியை வைத்தே அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்தோம். ஏழரை மணிக்கு, தொலைவில் யாரோ பாயை உதறுவது போன்ற சத்தம் கேட்டது. அண்ணா என் தோளைத் தொட்டு மேலே காட்டினார். இருவாச்சிகள், மூன்று. கருஞ்சிறகின் ஓரங்கள் வெள்ளை. மஞ்சள் அலகின்மேல் இன்னோர் அலகு கவிழ்த்ததுபோல் கொம்பு. அத்தியில் இறங்கியதும் ஆண் பறவை அலகின் நுனியால் ஒரு பழத்தைப் பறித்து, தலையைப் பின்னால் எறிந்து தொண்டைக்குள் விழச் செய்தது. இவ்வளவு பெரிய அலகைக் கொண்டு ஒரு பழத்தை நசுக்காமல் பிடிக்கும் நிதானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். முட்டையிடும் காலத்தில் பெட்டை பெரிய மரத்துப் பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளேயே தங்கும். ஆண் ஒரு சிறு வெடிப்பு வழியே இரை ஊட்டும். அத்தகைய பொந்து இளமரத்தில் வராது. நூறாண்டு நின்ற மருது விழுந்தால், அதனோடு அந்த இருவாச்சியின் வீடும் போய்விடுகிறது.

மரங்கொத்தி ஒன்பது மணியளவில் வந்தது. முதலில் குரல்: எங்கள் வளவில் கேட்கும் அதே கனைப்பு, அதே நீளம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் ஏழாலையில் இருக்கிறேன் என்றே நினைத்திருப்பேன். அது பாலத்தின் மறுகரையில் பட்டுப்போன இலுப்பைக் கொப்பொன்றில் ஒட்டி, நிழற்பக்கமாக ஏறியது. அலகு கருமை. தொண்டையில் கருமையும் வெள்ளைக் கீற்றுகளும் எங்கள் பறவைக்கு உள்ளபடியே இருந்தன. நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள், ஆகவே பெட்டை. முதுகு மட்டும் தெரியவில்லை. கொப்பைச் சுற்றிச் சுற்றி ஏறியதே தவிர வெயிலுக்கு வரவில்லை. ஐந்து நிமிடமாவது இருக்கும். பாலத்தின் கம்பி என் மூச்சுக்குக்கூட அசைவதுபோல் தோன்றியது.

பின்னர் அது கொப்பின் நுனிக்கு வந்து திரும்பியது. மஞ்சளில்லை, சிவப்புமில்லை. பினாட்டுப் பாயில் பிசைந்து ஊற்றும் பனங்களியின் நிறம். தோளருகே சற்று மஞ்சள் மீந்திருந்தது. இடுப்பை நோக்கிப் போகப்போகச் செம்மை ஏறியது. ஒவ்வொரு சிறகின் நுனியும் நடுவைவிடச் சிவந்திருந்ததால், அது உடலைக் குலுக்கியபோது நிறம் ஓடுவதுபோல் இருந்தது. அண்ணா, “எங்கடை குருவிதானே, ஆனா எங்கடை குருவி இல்லை” என்றார். நான் எழுத நினைத்ததை அவர் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குள் மேலும் இரண்டைக் கண்டோம். ஒன்று இதைவிட மஞ்சள், மற்றது இதைவிடச் சிவப்பு. ஒரே ஆற்றங்கரையில், ஒரே காலையில் மூன்று முதுகுகள், மூன்று நிறங்கள். கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது பாக்கு நீரிணை நடந்து கடக்கக்கூடிய தரையாக இருந்தது. அந்தக் கரையில் நீடித்து வாழ்ந்தவையும் இந்தத் தீவில் நீடித்து வாழ்ந்தவையும் இங்கே சந்தித்துக் கூடு கட்டுகின்றன. கோடு எதுவும் இல்லை. மஞ்சள் மெல்லக் குறைகிறது, சிவப்பு மெல்லக் கூடுகிறது.

ஆறாம் நாள், புதன்: வீடு

திரும்பும்போதும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாங்குளத்தில் வெள்ளைவயிறு இரண்டு, முறிகண்டியில் ஒன்று. கிளிநொச்சியில் தேநீருக்காக நிறுத்திய இடத்தில் எதுவுமில்லை. பரந்தன் சந்தியைக் கடந்து வயல்வெளி திறந்ததும், மூன்றாவது கம்பத்தில் முழுக்கறுப்பான இரட்டைவால் குருவி ஒன்று காற்றுக்கு எதிரே வாலை விரித்தபடி இருந்தது. கொப்பியில் நேரத்தைக் குறித்தேன்: பிற்பகல் 3.20.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கிணற்றடியில் நின்றார். நான் கேட்பதற்கு முன்பே, “காலமையும் வந்தது, பின்னேரமும் வந்தது. பொந்துக்குள்ளை சத்தம் கேக்குது, குஞ்சு பொரிச்சிட்டுது போலை” என்றார்.